தாமஸ் பாபிங்டன் மெக்காலே

தாமஸ் பாபிங்டன் மெக்காலே (அக்டோபர் 25, 1800 – டிசம்பர் 28, 1859) ஆங்கிலேய வரலாற்றாசிரியரும், கட்டுரையாளரும், நாடாளுமன்ற உறுப்பினரும் ஆவார். இந்தியத் தலைமை ஆளுநரின் ஆட்சிமன்றத்தில் முதல் சட்ட உறுப்பினராக 1834 முதல் 1838 தொடக்கம் வரை பணியாற்றினார். இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு வழிவகுத்த 1835 ஆம் ஆண்டுக் குறிப்புரையின் ஆசிரியர் என்ற வகையில் இவர் பெரிதும் அறியப்படுகிறார். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவும் இவருடைய தலைமையில் உருவானதே.

அடிமை ஒழிப்பு இயக்கத்தின் நடுவில் பிறந்து வளர்ந்தவர் இவர் என்பது தமிழ் வாசகர்களிடையே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை சட்டப்படி முடிவுக்கு வந்த நாளில் இவர் நீலகிரியில், உதகமண்டலத்தில் இருந்தார். ஆனால் அவர் நின்றிருந்த அந்த மண்ணுக்கு அச்சட்டம் பொருந்தவில்லை. இக்கட்டுரை அவர் வாழ்வின் இப்பகுதிக்குச் சற்றுக் கூடுதல் இடம் அளிக்கிறது.

பிறப்பும் குடும்பமும்

மெக்காலே இங்கிலாந்தின் லெஸ்டர்சயர் மாவட்டத்தில் ராத்லி டெம்பிள் என்னும் இல்லத்தில் பிறந்தார். அது அவருடைய அத்தையின் கணவர் தாமஸ் பாபிங்டனின் வீடு. அவருடைய பெயரே குழந்தைக்கும் இடப்பட்டது. ஒன்பது பிள்ளைகளில் இவரே மூத்தவர்.

தந்தை சக்காரி மெக்காலே ஸ்காட்லாந்துக்காரர். பதினாறு வயதளவில் பிழைப்புக்காக ஜமைக்கா சென்று அங்கு ஒரு கரும்புத் தோட்டத்தில் கணக்கராகவும் மேற்பார்வையாளராகவும் வேலை பார்த்தவர். சாட்டையடியை நாள்தோறும் பார்த்துப் பழகிப்போன தன் மனத்தை எண்ணிப் பின்னாளில் வருந்தியவர். நாடு திரும்பிய பின், விடுதலை பெற்ற அடிமைகளுக்காக மேற்கு ஆப்பிரிக்காவில் அமைக்கப்பட்ட சியரா லியோன் குடியேற்றத்தின் ஆளுநராக இருந்தார். அங்கிருந்து ஒருமுறை அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டி வந்தபோது, உள்ளே நடப்பதைத் தன் கண்ணால் காண வேண்டும் என்பதற்காகவே அடிமைகளை ஏற்றிச்செல்லும் கப்பல் ஒன்றில் பயணம் செய்தார்.

லண்டனை அடுத்த கிளாப்பம் பகுதியில் வில்லியம் வில்பர்போர்சு முதலானோர் அடங்கிய சமயச் சார்புள்ள சீர்திருத்தக் குழு ஒன்று இருந்தது. இக்குழுவின் தரவுக் களஞ்சியமாக விளங்கியவர் சக்காரி. எந்தத் தீவில் எத்தனை அடிமைகள், எந்த அறிக்கையின் எந்தப் பக்கத்தில் என்ன உள்ளது என்பது அவருக்கு மனப்பாடம். 1825 இல் தொடங்கப்பட்ட அடிமை ஒழிப்பு மாத இதழை (ஆன்டி-சிலேவரி ரிப்போர்ட்டர்) அவரே நடத்தினார். இவ்விதழில் உணர்ச்சிப் பெருக்கு குறைவு. தோட்ட முதலாளிகளும் குடியேற்ற அரசுகளும் தாமே வெளியிட்ட ஆவணங்களையும் புள்ளிவிவரங்களையும் எடுத்து அடுக்கி, அவர்கள் வாயாலேயே உண்மையை வெளிக்கொணர்வது அதன் முறை. இயக்கத்துக்காகத் தன் வணிகத்தைக் கவனியாது விட்டதால் சக்காரியின் நிறுவனம் நொடித்தது. அக்கடனைத் தீர்க்கும் பொறுப்பை மூத்த மகனே ஏற்றுக்கொண்டார்.

கல்வியும் முதல் உரையும்

மெக்காலே 1818 இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். கவிதைக்கான பல்கலைக்கழகப் பதக்கத்தை இருமுறை பெற்றார். படித்ததை அப்படியே நினைவில் வைத்திருக்கும் ஆற்றல் அவருக்கு இருந்தது. ஆனால் கணிதம் வரவில்லை. அக்காலத்தில் கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வில் தேறினால் மட்டுமே சிறப்புப் பட்டம் கிடைக்கும். எனவே அவருக்கு அது கிடைக்காமல் போயிற்று. பொறியியல் கல்லூரிகளில் கணிதத் தாளோடு போராடியவர்களுக்கு இச்செய்தி சற்று ஆறுதல் அளிக்கலாம். 1824 இல் கல்லூரியின் ஆய்வு உறுப்பினரானார். 1826 இல் வழக்குரைஞராகப் பதிவு செய்துகொண்டார்.

1824 ஜூன் 25 அன்று லண்டனில் நடைபெற்ற அடிமை ஒழிப்புச் சங்கக் கூட்டத்தில் அவர் தமது முதல் பொது உரையை ஆற்றினார். அரச குடும்பத்துக் கோமகன் ஒருவர் தலைமை வகித்தார். உரை பெரும் பாராட்டைப் பெற்றது. வில்பர்போர்சே மேடையில் புகழ்ந்தார். தந்தையோ, மன்னர் குடும்பத்தவர் முன்னிலையில் இளைஞர் ஒருவர் கைகளைக் கட்டிக்கொண்டு பேசுவது அழகன்று என்று மட்டும் சொன்னாராம். அவ்வீட்டின் கண்டிப்பை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

1825 சனவரியில் எடின்பரோ ரிவ்யூ இதழில் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைமுறை பற்றி அவர் எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த மில்டன் பற்றிய கட்டுரை அவரை ஒரே நாளில் புகழ்பெறச் செய்தது. பிற்காலத் தலைமுறையினர் மில்டன் கட்டுரையைப் படித்த அளவுக்கு அடிமைமுறைக் கட்டுரையைப் படிக்கவில்லை.

நாடாளுமன்றமும் 1833 ஆம் ஆண்டும்

1830 இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். தேர்தல் சீர்திருத்தச் சட்டமுன்வரைவு மீது 1831 இல் ஆற்றிய உரைகள் அவருக்கு முதல் வரிசைப் பேச்சாளர் என்ற இடத்தைப் பெற்றுத் தந்தன. பின்னர் இந்திய விவகாரங்களைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு வாரியத்தின் செயலரானார். புகழ் இருந்த அளவு பணம் இல்லை. கல்லூரி உதவித்தொகை நின்றுவிட்டது. கேம்பிரிட்ஜில் பெற்ற தங்கப் பதக்கங்களை விற்கும் நிலையும் வந்தது.

1833 இல் அவர் சார்ந்திருந்த விக் அரசு அடிமை ஒழிப்புச் சட்டமுன்வரைவைக் கொண்டுவந்தது. அதன்படி அடிமைகள் உடனே முழு விடுதலை பெறமாட்டார்கள். பழகுநர் என்ற பெயரில் பன்னிரண்டு ஆண்டுகள் அதே முதலாளியிடம் ஊதியமின்றிப் பெரும்பகுதி நேரம் உழைக்க வேண்டும். தந்தையும் அவருடைய நண்பர்களும் இதனை ஏற்கவில்லை. மகனுக்கு இக்கட்டான நிலை ஏற்பட்டது. அரசில் பதவி வகிப்பவர் அரசை எதிர்த்துப் பேசலாகாது. பதவி போனால் குடும்பத்துக்கு வருவாய் இல்லை. மெக்காலே பதவி விலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்டுச் சூலை இறுதியில் அவையில் எழுந்து பழகுநர் காலத்தை எதிர்த்துப் பேசினார். அரசு இறங்கி வந்தது. காலம் ஏழாண்டாகக் குறைக்கப்பட்டு, இறுதிச் சட்டத்தில் வயல் வேலை செய்வோருக்கு ஆறாண்டு என ஆயிற்று. விலகல் கடிதம் ஏற்கப்படவில்லை. அதே வாரத்தில், சூலை 29 அன்று, வில்பர்போர்சு காலமானார்.

சட்டம் 1833 ஆகஸ்ட் 28 அன்று அரச ஒப்புதல் பெற்றது. அடிமைகளின் உரிமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு வழங்கப்பட்டது. அடிமைகளுக்கு ஏதும் வழங்கப்படவில்லை. இச்சட்டத்தின் 64 ஆம் பிரிவு நமக்கு முக்கியமானது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளுக்கும், இலங்கைக்கும், செயின்ட் எலனா தீவுக்கும் இச்சட்டம் பொருந்தாது என அப்பிரிவு கூறியது.

அதே ஆண்டு நிறைவேறிய கம்பெனி சாசனச் சட்டத்தின் 88 ஆம் பிரிவு, இந்தியாவில் அடிமைகளின் நிலையை மேம்படுத்தவும், இயன்றபோது அடிமைமுறையை ஒழிக்கவும் தலைமை ஆளுநரைப் பணித்தது. காலக்கெடு எதுவும் இடப்படவில்லை. இச்சாசனச் சட்டத்துக்கு ஆதரவாக அவையில் முதன்மையாகப் பேசியவர் மெக்காலே. அச்சட்டம் உருவாக்கிய சட்ட உறுப்பினர் பதவியும் அவருக்கே கிடைத்தது. ஆண்டு ஊதியம் 10,000 பவுண்டு. அதில் பாதியைச் சேமித்தால் குடும்பம் நிமிர்ந்துவிடும் என்பதே அவர் இந்தியா வந்ததற்கு முதன்மைக் காரணம். இதை அவர் மறைக்கவில்லை.

உதகமண்டலத்தில்

தங்கை ஹன்னாவுடன் கப்பலேறிய மெக்காலே 1834 ஜூன் 10 அன்று சென்னையில் இறங்கினார். தலைமை ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் உடல்நலம் கருதி அப்போது நீலகிரியில் தங்கியிருந்தார். எனவே தங்கையைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டு மெக்காலே மலைக்குப் புறப்பட்டார். ஆற்காடு, பெங்களூர், சீரங்கப்பட்டணம், மைசூர் வழியாக ஏறத்தாழ 400 மைல் தொலைவு. இவ்வளவு தூரமும் அவர் பல்லக்கில், மனிதர்களின் தோள்மீது சென்றார். இதை அவரே தமது கடிதங்களில் எழுதியுள்ளார். வழியில் மைசூர் அரசரையும் கண்டார்.

ஜூன் இறுதியில் உதகையை அடைந்தார். பெண்டிங்க் தங்கியிருந்த மாளிகை, வில்லியம் ரம்போல்டு என்பவர் கட்டியது. பின்னாளில் அது ஊட்டி கிளப் ஆயிற்று. மெக்காலே அருகில் ஒரு சிறு வீட்டில் தங்கினார். சமவெளியின் வெயிலுக்குப் பிறகு கணப்பின் அருகே அமர வேண்டிய குளிர் அவருக்கு வியப்பளித்தது. ஆனால் அது தென்மேற்குப் பருவமழைக் காலம். வாரக்கணக்கில் மழை விடாது பெய்ய, வெளியே செல்ல வழியின்றி வீட்டுக்குள்ளேயே புத்தகங்களோடு கழித்தார். கையில் இருந்த கிளாரிசா என்னும் நீண்ட ஆங்கிலப் புதினத்தை அவர் இரவல் கொடுக்க, அங்கிருந்த ஆங்கிலேயர் அனைவரும் அதைப் படிக்கப் போட்டியிட்ட கதையை எழுத்தாளர் தாக்கரே பதிவு செய்துள்ளார்.

அவர் கண்ட நீலகிரி வேறு. தேயிலைத் தோட்டங்கள் அப்போது இல்லை. சோலைகளும் புல்வெளிகளும், தோடர் மந்துகளும், படகர் ஊர்களும், சில ஆங்கிலேயர் வீடுகளுமே இருந்தன. தேயிலை வணிகப் பயிராக வளர்ந்தது 1850களுக்குப் பிறகே.

1834 ஆகஸ்ட் 1 அன்று அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மேற்கிந்தியத் தீவுகள், மொரீசியசு, தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் சட்டப்படி அடிமைகள் அல்லாதோர் ஆயினர். தந்தையும் மகனும் உழைத்த நாள் அது. அந்நாளில் மெக்காலே உதகையில் இருந்தார். மலைக்கு மேற்கே மலபாரிலும் வயநாட்டிலும் செறுமர், புலையர், பணியர் ஆகியோர் நிலத்தோடு சேர்த்து விற்கப்படுவதும் அடகு வைக்கப்படுவதும் குத்தகைக்கு விடப்படுவதும் வழக்கில் இருந்தது. கிழக்கே தஞ்சாவூர் போன்ற நெல்விளையும் மாவட்டங்களில் பள்ளரும் பறையரும் பண்ணையாட்களாகக் கட்டுண்டிருந்தனர். வரிப் பாக்கிக்காக அடிமைகளை ஏலம் விடுவதை மலபாரில் கம்பெனி அரசு 1819 இல்தான் நிறுத்தியிருந்தது. பணியர் மிகுதியாக வாழும் கூடலூர் அடங்கிய தென்கிழக்கு வயநாடு 1877 இல் நீலகிரி மாவட்டத்தோடு இணைக்கப்பட்டது.

செப்டம்பர் தொடக்கத்தில் மெக்காலே மலையிறங்கிச் சென்னை வழியாகக் கல்கத்தா சேர்ந்தார். இந்தியத் தண்டனைச் சட்டம் ஊட்டியில் எழுதப்பட்டது என்று சுற்றுலாக் கையேடுகளில் காணப்படுவதுண்டு. இது சரியன்று. சட்ட ஆணையம் அமைக்கப்பட்டதே 1835 இல்தான். வரைவு கல்கத்தாவில் எழுதப்பட்டது.

கல்விக் குறிப்புரை

1835 பெப்ரவரி 2 அன்று எழுதிய குறிப்புரையில், அரசுப் பணம் சமற்கிருத, அரபுக் கல்விக்கு அன்றி ஆங்கிலக் கல்விக்கே செலவிடப்பட வேண்டும் என வாதிட்டார். கீழைநாட்டு இலக்கியங்களை அவர் மதிப்பிட்ட முறை, அம்மொழிகளில் எதையும் அறியாதவரின் தீர்ப்பு. இதற்காக அவர் பெற்ற கண்டனம் நியாயமானதே. தமிழ் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இந்தியா முழுவதும் சுற்றியும் ஒரு பிச்சைக்காரனைக் கூடக் காணவில்லை என்று தொடங்கும் ஒரு கூற்று, அதே நாளில் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் மெக்காலே பேசியதாக மின்னஞ்சல்களிலும் மேடைகளிலும் வலம் வருகிறது. அன்று அவர் கல்கத்தாவில் இருந்தார். நாடாளுமன்ற உறுப்பினராகவும் இல்லை. அக்கூற்று போலியானது. மாணவர்கள் அதைக் கட்டுரைகளில் பயன்படுத்தாதிருத்தல் நன்று.

தண்டனைச் சட்ட வரைவும் அடிமைமுறையும்

மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையத்தில் மெக்லியோட், ஆண்டர்சன், கேமரன், மில்லெட் ஆகியோர் இருந்தனர். உறுப்பினர் பலர் நோயுற்றதால் வரைவின் பெரும்பகுதி மெக்காலேயின் கையெழுத்திலேயே அமைந்தது. 1837 இல் வரைவு அரசிடம் அளிக்கப்பட்டது. ஒவ்வொரு பிரிவுக்கும் கீழே எடுத்துக்காட்டுகளைத் தந்தது இதன் புதுமை. ஏ என்பவர் இசட் என்பவருக்கு இதைச் செய்கிறார், இது குற்றம். இதைச் செய்கிறார், இது குற்றமன்று என்ற வகையில் அவை அமைந்தன. ஒரு மென்பொருளின் ஒவ்வொரு செயற்கூறுக்கும் கீழே சோதனைகளை எழுதி வைப்பது போன்றது இது.

வரைவுடன் இணைக்கப்பட்ட விளக்கக் குறிப்புகளுள் ஒன்று அடிமைகள் பற்றியது. அடிமையை அடிக்கும் எசமானுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டா என்று ஆணையம் நீதிமன்றங்களிடம் கேட்டது. மாகாணத்துக்கு மாகாணம், நீதிபதிக்கு நீதிபதி, வெவ்வேறு விடை வந்தது. ஆணையம் எடுத்த முடிவு எளிமையானது: சுதந்திர மனிதருக்குச் செய்தால் குற்றமாகும் எச்செயலும், அடிமைக்குச் செய்தாலும் குற்றமே, எசமான் என்பதற்காக எந்த விலக்கும் எழுதப்படாது. அடிமைமுறையை ஒழிப்பதாக வரைவு கூறவில்லை. எசமானின் கையிலிருந்த கோலை மட்டும் பறித்தது. கோல் இல்லாமல் அடிமைமுறை நீண்டநாள் நிற்காது என்பது அதில் அடங்கிய கணக்கு.

மெக்காலே 1838 சனவரியில் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். அவர் கடலில் இருந்தபோதே, மே மாதத்தில், சக்காரி காலமானார். கப்பல் கரை சேர்ந்த பின்னரே மகன் அறிந்தார்.

வரைவு கிடப்பில் போடப்பட்டது. ஆயினும் மேற்கண்ட கொள்கை வேறு வழியில் சட்டமாயிற்று. மெக்காலேக்குப் பின்வந்த சட்ட ஆணையம் 1841 இல் அளித்த அடிமைமுறை அறிக்கையைத் தொடர்ந்து, 1843 இன் 5 ஆம் சட்டம் நிறைவேறியது. அதில் நான்கே பிரிவுகள். அரசு அலுவலர் எவரும் யாரையும் அடிமையாக விற்கக் கூடாது. அடிமை உரிமை கோரும் வழக்கை எந்நீதிமன்றமும் ஏற்கக் கூடாது. அடிமை என்ற காரணத்தால் ஒருவரின் உடைமையைப் பறிக்கக் கூடாது. சுதந்திர மனிதருக்கு இழைத்தால் குற்றமாவது அடிமைக்கு இழைத்தாலும் குற்றம். அடிமையை வைத்திருப்பது தண்டனைக்குரியது என்று அச்சட்டம் கூறவில்லை. உரிமைகோர நீதிமன்றம் இல்லை என்று மட்டும் சொன்னது. வயலில் வேலை செய்த பலருக்கு அப்படி ஒரு சட்டம் வந்ததே தெரியாது.

பிற்கால வாழ்க்கை

இங்கிலாந்து திரும்பியபின் எடின்பரோ தொகுதி உறுப்பினராகவும், 1839–41 இல் போர்ச் செயலராகவும் இருந்தார். 1845 இல் சர்க்கரை வரி பற்றிய விவாதத்தில், அடிமைகள் விளைவித்த பிரேசில் சர்க்கரைக்குத் தனி வரி விதிப்பதை எதிர்த்தார். அச்சர்க்கரையை இங்கிலாந்தில் சுத்திகரித்துப் பிறநாட்டாருக்கு விற்பதில் தவறு காணாத அரசு, உள்நாட்டார் உண்பதை மட்டும் பாவம் என்பது பாசாங்கு என்றார். அவர் வாதத்தில் தருக்கம் உண்டு. ஆனால், பிரித்தானிய ஆட்சியில் அடிமைமுறை ஒழிந்ததோடு அது குறித்துத் தமக்கிருந்த தனிப்பொறுப்பும் முடிந்தது என்று அவர் சேர்த்துச் சொன்னதை, சக்காரி கேட்டிருந்தால் கைகட்டிப் பேசியதைவிடக் கடுமையாகக் கண்டித்திருப்பார் எனத் தோன்றுகிறது.

1852 இல் ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் அங்கிள் டாமின் குடிசை நூலைப் படித்தார். ஆற்றல் மிக்கது, ஆனால் மனத்துக்கு இனியதன்று. எனினும் ஆங்கில இலக்கியத்துக்கு அமெரிக்கா அளித்த மிக மதிப்புடைய கொடை என்று தம் நாட்குறிப்பில் எழுதினார். அடுத்த ஆண்டு ஸ்டோ இங்கிலாந்து வந்தபோது இருவரும் சந்தித்தனர். அச்சந்திப்பைத் தம் பயண நூலில் ஸ்டோ விவரித்தபோது, தாம் சொல்லாததையெல்லாம் சொன்னதாக எழுதிவிட்டார் என்று மெக்காலே எரிச்சலுற்றார். அடிமைமுறையை வெறுத்த அவர், அடிமை ஒழிப்பாளர்களின் மிகைப்பேச்சையும் பிற்காலத்தில் வெறுத்தார்.

அவருடைய நூல்களின் பதிப்பு வரலாறு சுவையானது. கட்டுரைகளை நூலாக்க அவர் விரும்பவில்லை. அமெரிக்கப் பதிப்பாளர்கள் அனுமதியின்றி மறுபதிப்புச் செய்த தொகுதிகள் இங்கிலாந்துக்குள் வரத் தொடங்கியதால், வேறு வழியின்றி 1843 இல் தாமே வெளியிட்டார். உரைகளுக்கும் அதுவே நேர்ந்தது. 1853 இல் விசட்டெல்லி என்னும் பதிப்பாளர் பிழைகள் மலிந்த தொகுப்பை வெளியிட, மறு ஆண்டு மெக்காலே திருத்திய பதிப்பைக் கொண்டுவந்தார். இங்கிலாந்து வரலாறு நூலின் முதலிரு தொகுதிகள் 1848 இலும், அடுத்த இரண்டு 1855 இலும் வெளிவந்து பெரும் விற்பனை கண்டன. 1856 இல் பதிப்பாளர் ஒரே காசோலையில் 20,000 பவுண்டு கொடுத்தார். 1857 இல் பிரபு பட்டம் பெற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1859 டிசம்பர் 28 அன்று லண்டன் கென்சிங்டனில் தம் நூலக அறையில், நாற்காலியில் அமர்ந்தபடியே இறந்தார். உடல் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் கவிஞர் மூலையில் அடக்கம் செய்யப்பட்டது.

மறைவுக்குப் பின்

பார்ன்ஸ் பீக்காக் திருத்திய தண்டனைச் சட்டம் 1860 அக்டோபர் 6 அன்று நிறைவேறி, 1862 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 370 ஆம் பிரிவு மனிதரை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும், 371 ஆம் பிரிவு அதையே தொழிலாகச் செய்வதையும், 374 ஆம் பிரிவு விருப்பத்துக்கு மாறாக வேலை வாங்குவதையும் குற்றமாக்கின.

ஆனால் மெக்காலே இறந்த அதே 1859 இல் இன்னொரு சட்டமும் வந்திருந்தது. வேலையாள் ஒப்பந்த மீறல் சட்டம் எனப்படும் அவ்வாண்டின் 13 ஆம் சட்டத்தின்படி, முன்பணம் பெற்றுக்கொண்டு வேலையை விட்டுச் செல்லும் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பலாம். நீலகிரியிலும் வயநாட்டிலும் காப்பித் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் பெருகிய காலத்தில், கங்காணிகளும் மேஸ்திரிகளும் கொடுத்த முன்பணமே தொழிலாளரைக் கட்டிவைத்த கயிறாயிற்று. அடிமையை நீதிமன்றம் மீட்டுத் தராது என்றது 1843 ஆம் ஆண்டுச் சட்டம்; கடன்பட்ட கூலியை நீதிமன்றம் மீட்டுத் தந்தது. 1859 ஆம் ஆண்டுச் சட்டம் 1926 இல்தான் நீங்கியது. கொத்தடிமை முறை 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது.

370 ஆம் பிரிவு 2013 இல் ஆள்கடத்தலையும் உள்ளடக்குமாறு மாற்றி எழுதப்பட்டது. 2024 சூலை 1 அன்று இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அடிமை வணிகத்தைத் தொழிலாகச் செய்வோருக்கான பிரிவு அதில் 145 ஆம் எண்ணிலும், கட்டாய உழைப்புக்கான பிரிவு 146 ஆம் எண்ணிலும் உள்ளன.